பழுது பார்த்தலும் ஒரு கல்வியே

கல்லூரி மாணவர் தம் ஓய்வு நேரத்தைக் கழிக்கும் வழிகள் பலவாம். சிலர் பந்தாடுவர், சிலர் நாடகம் பயில்வர், சிலர் நெடுநேரம் உறங்குவர். இவருள் எவரையும் குறை கூற யாம் முன்வந்தோமல்லோம். ஆயின், நம்முள் ஒரு சிலர் கைக்கொண்டுள்ளதும் பலர் எள்ளி நகையாடுவதுமாகிய ஒரு பொழுதுபோக்கைக் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றோம். மின்சாரக் கிதார், பேஸ் கிதார், அவற்றின் ஓசையைப் பெருக்கும் ஆம்ப்ளிபயர் ஆகியவற்றைப் பழுது பார்த்தலும், இயலுமேல் புதிதாய்ச் செய்தலுமே அப்பொழுதுபோக்காம். தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்கும் ஈயம் உருக்கும் சால்டரிங் இரும்புக்கும் யாது தொடர்பு என வினவுவாருக்கு விடையிறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது ஊர் திருவண்ணாமலை. அருணாசலேசுவரர் கோயிலால் உலகறிந்த பெருநகரை எண்ணற்க. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே, குன்றின்மேல் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் கொண்ட சிற்றூரே யாம் குறிப்பது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்குக் கூடும் மக்கள் திரளைக் கண்டோர் மறவார். அத்திரளின்மேல் முழங்கும் குழாய் ஒலிபெருக்கிகளின் ஓசையைக் கேட்டோரும் மறவார். சிறு பருவத்தில் எம் கண்ணைக் கவர்ந்தவர், அவ்வோசைக்குப் பின்னால், பந்தலின் ஓரத்தில் ஆம்ப்ளிபயர்ப் பெட்டியின்மேல் குனிந்திருந்த மைக் செட்டுக்காரர்க்கு உதவியாய் நின்ற ஒருவர். அவர் இராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் மின்சார வேலை பார்ப்பவர். யாவரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். மாலையில் ஆலை விட்டு வந்ததும், வீட்டுத் திண்ணையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஊராரின் பழுதுபட்ட பெட்டிகளைத் திறந்து அமர்வார். இன்ன கூலி வேண்டுமென அவர் கேட்டதை யாம் கண்டதில்லை.

மூன்று ஆண்டுகளுக்குமுன், கிறிஸ்து பிறப்புத் திருநாள் நெருங்கிய வேளையில், எம் ஆலயப் பாடகர் குழுவின் மின்சாரக் கிதார் திடீரென ஊமையாயிற்று. நகரத்துக் கடை ஒன்றிற்கு அதனை எடுத்துச் சென்றோம். ஆண்டிருந்தவர் அதனைத் திறந்தும் பாராது, எடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்குமாறு பணித்தார். புதியது வாங்கும் பொருள் எம் குழுவினரிடம் இல்லை. வாடிய முகத்தோடு அண்ணாச்சியின் திண்ணையை அடைந்தோம். அவர் கிதாரை மடிமேல் வைத்துக்கொண்டு, கம்பியைச் செருகும் ஜாக்கை மெல்ல அசைத்தார். ஒருகணம் ஓசை எழுந்து மறைந்தது. நான்கு திருகாணிகளைக் கழற்றி, உள்ளே மயிரிழைபோல் அறுந்து நின்ற ஒரு கம்பியைக் காட்டி, "தம்பி, கிதார் சாகவில்லை, ஒரு கம்பி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்" என்றார். பின்னர்ச் சால்டரிங் இரும்பை எம் கையிலேயே கொடுத்து, "முதலில் இடத்தைச் சூடாக்கு, ஈயம் தானாக ஓடிவரும்" என்றார். அங்ஙனமே ஓடிவந்தது. அன்றிரவு பாடற்பயிற்சி தடையின்றி நிகழ்ந்தது. எம் பொழுதுபோக்கு பிறந்த கதை இதுவே.

இக்கருவி இயங்கும் முறையை அறியாதார் பொருட்டுச் சிறிது விளக்குவாம். வீணையில் நரம்பின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்தை அடைந்து, அதன் உள்வெளியில் பெருகி ஒலிக்கும். மின்சாரக் கிதாரின் உடலோ பெரும்பாலும் உள்வெளியற்ற திண்ணிய பலகை. எஃகு நரம்புகளின் கீழே பிக்கப் எனப்படும் உறுப்பு உள்ளது. அது காந்தத்தைச் சூழ நுண்ணிய செப்புக்கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றியதாகும். நரம்பு அதிருங்கால் காந்தப் புலம் அசையும். அவ்வசைவினால் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் தோன்றும். இது மைக்கேல் பாரடே 1831-இல் கண்ட உண்மையின் பயன். அச்சிறு மின்சாரம் ஆம்ப்ளிபயரில் படிப்படியாய் வலுப்பெற்று ஸ்பீக்கரை அசைக்கின்றது. மின்சாரக் கிதாரின் மருமம் இவ்வளவே.

ஆதலின் பழுதுக்கும் ஒழுங்கான வழி உண்டு. கிதாரைக் கழற்றிய பின்னும் 'ம்' என்னும் முழக்கம் ஓயாதாயின், ஆம்ப்ளிபயரின் பில்டர் கண்டென்சர் வற்றியிருத்தல் கூடும். நரம்பைத் தொட்டவுடன் இரைச்சல் மிகுமாயின், குதிரையினின்று செல்லும் எர்த் கம்பி அறுந்திருத்தல் கூடும். வால்யூம் குமிழைத் திருப்புங்கால் கரகரவென்னுமாயின், அதனுள் தூசு படிந்துள்ளது. இவற்றை ஒவ்வொன்றாய் ஐயுற்று, ஒவ்வொன்றாய் நீக்கி, எஞ்சியதைக் கைப்பற்றல் வேண்டும். இதில் யாம் கண்ட பெரும்பயன் ஒன்றுண்டு. வகுப்பறையில் ஒரு சூத்திரத்திற்குப் பொருந்தா உரை கூறிவிட்டு, நாவன்மையால் அதனை நிலைநாட்ட முயன்றதுண்டு. ஆம்ப்ளிபயரிடம் நாவன்மை செல்லாது. நாம் கொண்ட கருத்துத் தவறாயின் அது பாடாது, சரியாயின் பாடும். தன் தவற்றை நாணாது ஒப்புக்கொள்ளும் பழக்கத்தை எமக்குக் கற்பித்தது அப்பெட்டியே. அதன்பின் பாடங்களுக்கு உரை காணும்போதும், முடிபை முன்வைத்துச் சான்று தேடும் வழக்கம் எம்மைவிட்டு ஒருவாறு நீங்கிற்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறல் கடன். வால்வுகளால் இயங்கும் பழைய ஆம்ப்ளிபயர்களில் 300, 400 வோல்ட்டுக்கு மேலும் மின்னழுத்தம் உண்டு, இணைப்பைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சர்களில் அது தங்கி நிற்கும், உயிரையும் போக்கவல்லது. ஆதலின் தொடங்குவோர் கிதாரையே முதலிற் பழகுக. அடுத்து, நம் நாட்டு மைக் செட்டுக்காரர் பலரும் அறிந்த 4440 ஐ.சி. கொண்டு 12 வோல்ட்டில் இயங்கும் சிறு ஆம்ப்ளிபயரைச் செய்க. சான்யோ நிறுவனம் வெளியிட்ட அச்சிறு சில்லு, இரு வழியாயின் வழிக்கு 6 வாட்டும், ஒன்றாய் இணைப்பின் ஏறத்தாழ 19 வாட்டும் தரும். விடுதி அறைக்கு அதுவே மிகை. வால்வுப் பெட்டியை அறிந்தார் துணையின்றித் திறவற்க.

செய்தலினும் யாம் முயன்றோம்; தோற்றோம். பழைய தேக்குக் கதவு ஒன்றின் பலகையை அறுத்து உடலும் தண்டியும் அமைத்தோம். நரம்பின் நீளம் 25½ அங்குலம். மெட்டுக்களை வைக்கும் கணக்கு அழகியது: எஞ்சிய நீளத்தை 17.817 ஆல் வகுத்து, வந்த அளவில் அடுத்த மெட்டு வைத்தல் வேண்டும். அங்ஙனம் செல்லின் பன்னிரண்டாம் மெட்டு மிகச் சரியாக நடுவில் வந்து நிற்கும். கணக்கில் யாம் பிழைத்திலோம். ஆயின் ஆறு நரம்புகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 45 கிலோ எடைக்கு நிகர் என்பதையும், அதனைத் தாங்கத் தண்டியினுள் எஃகுத் தண்டு பதித்தல் வேண்டும் என்பதையும் பொருட்படுத்தினோமல்லோம். ஒரு திங்களில் தண்டி வில்லென வளைந்தது. அண்ணாச்சி நகைத்திலர். "வளைந்ததை எறிந்துவிடாதே, சுவரில் மாட்டு" என்றார். அஃது இன்றும் எம் அறைச் சுவரில் தொங்குகின்றது. இரண்டாவது தண்டி வளையவில்லை.

பிற நாடுகளிலும் இக்கலை பழுது பார்ப்போரிடமும் இளைஞரிடமுமே வளர்ந்தது. அமெரிக்க நாட்டு லியோ பெண்டர் 1938-இல் புல்லர்ட்டன் என்னும் ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை திறந்தவர். 1950-இல் திண்ணிய உடல் கொண்ட கிதாரையும், 1951-இல் மெட்டுக்களோடு கூடிய மின்சார பேஸ் கிதாரையும் விற்பனைக்குக் கொணர்ந்தார். அவர் கிதார் வாசிக்கக் கற்றவரல்லர் என்பது வியப்பு. இங்கிலாந்தில் பிரையன் மே என்னும் பதினாறு வயதுச் சிறுவர், 1963-இல் தந்தையாருடன் கூடிப் பழைய கணப்படுப்பின் மரத்தைக் கொண்டு ஒரு கிதார் செய்யத் தொடங்கினார். குவீன் என்னும் குழுவில் உலகப்புகழ் பெற்ற பின்னும் அக்கருவியையே அவர் வாசித்தார். 2007-இல் வானியலில் டாக்டர் பட்டமும் பெற்றார். கைவேலை கல்வியைக் கெடுக்கும் என்பார்க்கு இஃதொன்றே விடையாகும்.

இது அயல்நாட்டுக் கருவி, நமக்கேன் என்பாரும் உளர். வயலினும் அயல்நாட்டினின்று வந்ததே. பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786–1858) போன்றோர் அதனைக் கைக்கொண்டமையால் இன்று அஃதின்றிக் கச்சேரியே இல்லை. நம் காலத்திற்கு அண்மையில் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்சார மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்து உலகை வியப்பித்தார். மாண்டலினின் இரட்டை நரம்புகளை நீக்கி, ஒற்றை நரம்புகள் ஐந்து கொண்டதாக அவர் அதனை மாற்றியமைத்துக்கொண்டார். தட்டியவுடன் தேயும் மாண்டலின் ஒலியை நீண்டு நிற்கச் செய்து, கமகத்திற்கு இடந்தந்தது ஆம்ப்ளிபயரே. கருவியைத் தன் இசைக்கேற்ப மாற்றத் துணிந்தவரே அதனை நமதாக்கினார்.

தமிழ் மாணவராகிய எமக்கு இஃதெல்லாம் புறம்பானதோ? அன்று. பொருநராற்றுப்படையை ஓதினோர் அறிவர்: அப்புலவர் யாழின் பத்தர், போர்வைத் தோல், ஆணி, நரம்பு என ஒவ்வோர் உறுப்பையும், துளையை அடைத்த ஆணி நண்டின் கண்ணை ஒக்கும் என்னும் அளவுக்கு, நுணுகி நோக்கிப் பாடியுள்ளார். செய்வோன் அருகிருந்து பார்த்தாலன்றி அக்கண் வாய்க்காது. விஞ்ஞானப் பட்டமும் பெற்றிருந்த விபுலானந்த அடிகள், மறைந்த யாழ்களைக் கணித முறையால் மீட்டு, 1947-இல் யாழ் நூலை வெளியிட்டார். ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை அச்சிட்டார். மருத்துவத் தொழிலால் ஈட்டிய பொருளை இசையாராய்ச்சிக்குச் செலவிட்டவர் அவர். நூலறிவும் கையறிவும் ஒன்றையொன்று வெறுத்தல் நம் மரபன்று.

எனினும் இன்று நாம் வாசிப்போனை மேடைமேல் ஏற்றுகின்றோம். செய்வோனைத் திரைக்குப் பின் நிறுத்துகின்றோம். தஞ்சையைச் சேர்ந்த செபாஸ்டியன் என்பாரின் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சிறந்த மிருதங்கங்களைச் செய்தனர். அவர்தம் மகன் பர்லாந்து, பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் அமைத்துக் கொடுத்தவர். தோலைத் தொட்டுப் பணிபுரியும் இக்கிறிஸ்தவத் தலித் குடும்பங்களின் வரலாற்றை, 2020-இல் டி. எம். கிருஷ்ணா நூலாய் எழுதிய பின்னரே பலர் அறிந்தனர். மணி ஐயரின் பெயரை அறியாத இசைவாணர் இலர். பர்லாந்தின் பெயரை அறிந்தார் எத்துணையர்? இது பிறர் குறை மட்டுமோ? சென்ற ஆண்டு ஒரு விழாவில், நிகழ்ச்சிக்கு ஒருமணிப் பொழுதுக்கு முன் பழுதுற்ற ஆம்ப்ளிபயரை அண்ணாச்சி வந்து செம்மை செய்தார். நன்றியுரையில் பந்தல் வரை யாவும் இடம்பெற்றன. அவர் பெயர் இல்லை. நன்றியுரை எழுதிக் கொடுத்தவர் யாமே. அதனை இன்று எண்ணினும் எம் முகம் வெப்புறுகின்றது. அண்ணாச்சியோ அது குறித்து ஒரு சொல்லும் கூறிற்றிலர்.

ஆதலின் இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றோம். முதலாவது, நம் கல்லூரியில் ஒரு சிற்றறை ஒதுக்கப்படல் வேண்டும். ஒரு மேசை, இரண்டு சால்டரிங் இரும்பு, ஒரு மல்டிமீட்டர், சில திருப்புளிகள் போதும். பௌதிக மாணவர்க்கு மட்டுமன்றித் தமிழ், வரலாறு, வணிகம் பயிலும் யாவர்க்கும் சனிக்கிழமை மாலையில் அது திறந்திருத்தல் வேண்டும். பண்டகசாலையில் தூசு படிந்து கிடக்கும் பழுதுற்ற பெட்டிகளே அதற்குப் பாடப்புத்தகங்கள். இரண்டாவது, அங்குக் கற்பிக்க அண்ணாச்சி போன்ற தொழிலாளரை அழைத்தல் வேண்டும்; ஆசிரியர்க்குரிய இருக்கையையே அவர்க்கும் அளித்தல் வேண்டும். கல்லூரி விழாவில் நரம்பை மீட்டியவன் கையைக் குலுக்கும் நாம், அந்நரம்புக்கு உயிர் கொடுத்தவன் கையையும் குலுக்கக் கற்றல் வேண்டும். அக்கையில் ஈயக்கறை இருக்கும். அது நம் கையிலும் சிறிது ஒட்டினால் நன்றே.