அக்காவோட அஞ்சு வருஷம் எங்கே போச்சு?

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் முதல்ல எதைப் பார்ப்பீங்க? எத்தனை லட்சம், எந்த ஊர் போஸ்டிங், அவ்வளவுதானே! கீழே ‘பி.எஃப்.’னு ஒரு வரி இருக்கும். ‘இதை வேற பிடிக்கிறாங்களா’னு கடுப்பாகிட்டு மறந்துடுவோம். இந்த வாரம் அந்த வரியைப் பத்தித்தான். ‘இருபது வயசுல பென்ஷன் பேச்சா, தாத்தா?’னு சிரிக்காதீங்க. 58 வயசுல வர்ற பென்ஷனுக்கு முதல் சம்பளத்துலேயே மீட்டர் ஓட ஆரம்பிச்சிடுது பாஸ்!

நம்ம அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி ரெண்டுலயும் சேர்த்து 12 சதவிகிதம் பிடிப்பாங்க. கம்பெனியும் அதே அளவு போடும். ஆனா கம்பெனி பங்குல 8.33 சதவிகிதம், 1995 நவம்பர்ல ஆரம்பிச்ச ஊழியர் பென்ஷன் திட்டத்துக்குப் போயிடும். இதுக்கான சம்பள உச்சவரம்பை 2014 செப்டம்பர்ல 6,500-லேர்ந்து 15,000 ரூபாயா உயர்த்தினாங்க. 15,000 ரூபாய்க்கு மாசம் 1,250 ரூபாய் பென்ஷனுக்குப் போகும்.

ஃபார்முலா ரொம்ப ஈஸி, நம்ம மேத்ஸ் பேப்பரை விட! கடைசி 60 மாசச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70-ஆல வகுக்கணும். 15,000 ரூபாய்க்கு 10 வருஷம்னா மாசம் 2,143 ரூபாய். 35 வருஷம்னா 7,500. பெரிய தொகை இல்லைதான். ஆனா உயிரோட இருக்கறவரை வரும், அதுக்கப்புறம் கணவருக்கோ மனைவிக்கோ ஒரு பங்கு வரும். ஒரே கண்டிஷன், 10 வருஷம் சர்வீஸ் வேணும். சர்வீஸ்னா வேலைக்குப் போன வருஷம் இல்ல, பணம் கட்டின வருஷம்.

இங்கேதான் சிக்கலே. காலையில எங்க கீரனூர் பஸ் ஸ்டாண்டுல நின்னா, டிபன் பாக்ஸோட மாத்தூர் சிட்கோவுக்கும் திருச்சிக்கும் போற கூட்டத்தைப் பார்க்கலாம். அதுல எங்க தெரு அக்கா ஒருத்தரும் இருந்தாங்க. 1999-லேர்ந்து 2004 வரைக்கும் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில அஞ்சு வருஷம். கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விட்டாங்க, பென்ஷன் காசு உட்பட எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. கல்யாணச் செலவுல அது எங்கே போச்சுன்னே தெரியலையாம். பிள்ளைங்க வளர்ந்தப்புறம், 2015-லேர்ந்து 2023 வரைக்கும் மாத்தூர்ல ஒரு சின்ன யூனிட்ல எட்டு வருஷம். மொத்தம் 13 வருஷ உழைப்பு. பென்ஷன் கணக்குல எட்டுதான்!

அன்னைக்கு எடுக்கறதுக்கு நிரப்பின அதே ஃபாரம் 10 சி-யில, ‘பணம் வேண்டாம், திட்டச் சான்றிதழ் கொடுங்க’னு கேட்டிருக்கலாம். அந்த அஞ்சு வருஷம் அப்படியே காத்திருந்திருக்கும். 12,000 ரூபாய் சராசரினு வெச்சுக்கிட்டா, 13 வருஷத்துக்கு மாசம் 2,229 ரூபாய். யாரும் சொல்லலை. இப்போ அக்கா வீட்டுல தையல் மெஷின் போட்டிருக்காங்க. பொண்ணோட காலேஜ் ஃபீஸுக்கு அந்த எட்டு வருஷத்தையும் எடுத்துடலாமானு யோசனை. சான்றிதழ் வாங்கி வெச்சுட்டு, பி.எஃப். பிடிக்கற இடத்துல இன்னும் ரெண்டு வருஷம் பார்த்தா 10 ஆயிடும். (ஆறு மாசத்துக்கு மேல இருந்தா முழு வருஷமாக் கணக்கு, அதனால ஒன்றரை வருஷமே போதும்!) ஆனா ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி இந்த மாசம். நான் என்ன சொல்ல?

இப்படி நிறைய பேர் எடுக்கறாங்கன்னுதான், 2025 அக்டோபர்ல பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு ஒரு முடிவெடுத்தது. வேலையை விட்டு ரெண்டு மாசத்துல எடுக்கலாம்னு இருந்த பென்ஷன் பணத்துக்கு 36 மாசம் காத்திருக்கணும்னு. அவசரத்துல இருக்கறவங்க திட்டுவாங்க, நியாயம்தான்.

லீவு விஷயத்துக்கு வருவோம். சம்பளம் இல்லாத லீவுன்னா பி.எஃப்.பும் இல்லை. அந்த நாட்களைக் கம்பெனி தனியாக் கணக்குக் காட்டும், சர்வீஸ்ல அது இடிக்கும். தோழிகளே, மகப்பேறு விடுப்பு 2017-லேர்ந்து முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம். அந்த மாசங்கள்ல பணம் கட்டினாங்களானு பாஸ்புக்கைத் திறந்து பாருங்க. கல்யாணத்துக்கப்புறம் அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்து, ஆதார்ல ஒரு பேரு, பி.எஃப்.ல ஒரு பேருனு ஆனா கிளெய்ம் நின்னுடும். அதையும் சரி பண்ணிடுங்க.

நம்ம செட்டுக்கு ரெண்டு தகவல். அப்ரென்டிஸ் சட்டப்படி பயிற்சிக்குப் போற வருஷம் இதுல சேராது. 2014 செப்டம்பருக்கு அப்புறம் முதல் வேலையிலேயே அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டினா பென்ஷன் திட்டத்துலயே சேர்க்க மாட்டாங்க. கம்பெனி போடற மொத்தமும் பி.எஃப்.லயே சேரும். சாஃப்ட்வேர் கனவுல இருக்கறவங்க ஹெச்.ஆர். கிட்ட இதைக் கேட்டுடுங்க. யூ.ஏ.என். நம்பர் ஆயுசுக்கும் ஒண்ணுதான், கம்பெனி மாறினா அதையே கொடுங்க. விட்ட தேதியைப் பழைய கம்பெனி போடலைன்னா, ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே இணையதளத்துல போட்டுக்கலாம்.