ஊரடங்கில் விடுபட்ட பெயர்கள்



2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு 12 மணி முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்றார். இடையில் இருந்தது 4 மணி நேரம். பயணிகள் ரயில்களையோ அதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தியாகிவிட்டது. எல்லோரும் வீட்டுக்குள் இருங்கள் என்பது கட்டளை. வீடு என்று எதைச் சொன்னார்கள்? தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் முறை வைத்துப் படுத்தெழும் இடமும் அவர்கள் கணக்கில் வீடுதான். பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றவன் ஊரடங்கை மீறியவனா, மீறாதவனா? பதில் சொல்ல அன்று ஆளில்லை.

நோய் பொய் என்று நாம் சொல்லவில்லை. ஏப்ரல் 1-ஆம் நாள் தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டு அன்றே இறந்தார். பிறகு இங்கே நோய் கட்டுக்குள் வந்ததை அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனமே பாராட்டியது. அது தடியால் வந்ததல்ல. காய்ச்சல் முகாம், வீடு வீடாகச் சோதனை, தனிமைப்படுத்திய இடத்தில் சோறு, மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளரின் உழைப்பு, இவற்றால் வந்தது. நம்மில் பலர் ஊருக்குப் போய்விட்டதும் ஒரு காரணம்தான். ஆனால் நோயைத் தடுப்பது வேறு. அதைக் காரணம் காட்டி ஒருவனுடைய கூலியையும் நடமாட்டத்தையும் ஒரே இரவில் பறிப்பது வேறு. பறிக்கிறவர்கள் அவன் வயிற்றுக்கும் வழிக்கும் பொறுப்பேற்க வேண்டாமா?

அன்று கையிலெடுத்த சட்டங்களில் ஒன்றின் பூர்வீகம் நம் ஊர்தான். 1896-ல் பம்பாய் மாண்ட்வியில் பிளேக் புகுந்தது. மறு ஆண்டே வெள்ளைக்காரன் கொள்ளைநோய்ச் சட்டம் போட்டான். மொத்தம் நாலே பிரிவு. முதலாவது சட்டத்தின் பெயர். இரண்டாவது, அரசு வேண்டிய கட்டளைகளைப் போடலாம். மூன்றாவது, மீறினால் தண்டனை. நான்காவது, நல்லெண்ணத்தோடு செய்த அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. கட்டளைக்கு ஆளாகிறவனுக்கு என்ன உரிமை என்று ஒரு வரி கிடையாது. வெள்ளைக்காரன் எழுதாமல் விட்டது வியப்பில்லை. 123 ஆண்டு கழித்தும் அந்த வரியை நம்மவர்கள் எழுதவில்லையே!

நான் ரயில்வேயில் எழுத்தன். அடையாள அட்டை இருந்தது, ஊழியர்களுக்கான தனி வண்டியில் வேலைக்குப் போனேன். சம்பளம் மாதம் தவறாமல் வந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரே ஓர் அண்ணாச்சி. லேபர் கேம்ப்பில் விடியற்காலை இட்லி அவித்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்கா, செம்பூர் என்று விற்று வருகிறவர். ஊரடங்கின் மூன்றாம் நாள் அவர் அடுப்பு அணைந்தது. ரேஷன் அட்டை திருநெல்வேலிப் பக்கம் ஊரில் இருந்தது. இங்கே அதற்கு ஒரு மணி அரிசி கிடையாது. இருவரும் ஒரே ஜில்லா, ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். என் பெயர் ஒரு பதிவேட்டில் இருந்தது, அவர் பெயர் எதிலும் இல்லை. வேற்றுமை அவ்வளவுதான்.

சரக்கு வண்டிகள் ஒரு நாளும் நிற்கவில்லை. ஒவ்வொரு வேகனுக்கும் எண் உண்டு. எந்த யார்டில் கிடக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவோம். வண்டிகள் நின்றுவிட்டன என்று நம்பித்தான் மே 8 விடியற்காலை, ஜால்னாவிலிருந்து புசாவலை நோக்கி நடந்த மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் கர்மாட் அருகே தண்டவாளத்தில் படுத்துத் தூங்கினார்கள். சரக்கு ரயில் ஏறி 16 பேர் செத்தார்கள். அவர்கள் கட்டிவந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த படத்தை நாம் மறக்கவில்லை.

மார்ச் 31 அன்றே உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசின் வழக்கறிஞர் சொன்னது என்ன? காலை 11 மணி நிலவரப்படி சாலையில் யாருமே இல்லை என்றார். இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 14 அன்று, பாந்திரா ஸ்டேஷன் வாசலில் ஊருக்கு விடுங்கள் என்று கூடிய ஆயிரக்கணக்கானோருக்குத் தடியடி கிடைத்தது.

மே 1-லிருந்து தொழிலாளர் சிறப்பு ரயில்கள் ஓடின. ஆகஸ்டு முடிய 4,621 வண்டிகள், 63 லட்சம் பேர். டிக்கெட் காசை அந்தத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது மே 28-ல்தான். இந்த வண்டிகளில் 97 பேர் இறந்ததாக ரயில்வே அமைச்சர் செப்டம்பரில் மாநிலங்களவையில் சொன்னார். அதே கூட்டத் தொடரில் தொழிலாளர் அமைச்சகம், ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றிய கணக்கு எதுவும் இல்லை என்றது. வண்டியில் செத்தவனுக்குக் கணக்கு உண்டு, சாலையில் செத்தவனுக்கு இல்லை. கணக்கில்லாதவனுக்கு இழப்பீடு எப்படி வரும்?

ஊர் போய்ச் சேர்ந்தவர்களும் நிம்மதியாக இருந்தார்களா? இ-பாஸ் கேட்டார்கள். "பம்பாய்க்காரன் நோயைக் கொண்டுவந்தான்" என்று பிறந்த ஊரே விலகி நின்றது. அரசின் தினசரி அறிக்கையிலும் மகாராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள் என்று தனிக் கணக்கு! எண்ண வேண்டாத இடத்தில் மட்டும் நம்மை எண்ணினார்கள். அதே ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட வியாபாரி ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு, அடுத்தடுத்து இறந்தார்கள். தலைமைக் காவலர் ரேவதி துணிந்து சாட்சி சொன்னார். அப்படி ஒருவர் இல்லாதிருந்தால்?

சட்டமே இல்லாமலும் இல்லை. 1979-லேயே மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளிக்குச் சட்டம் வந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டி வந்தால் ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், பயணப்படி தர வேண்டும். நாற்பது ஆண்டாக நம் ஆட்களில் அந்தப் படியை வாங்கியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. இப்போது அந்தச் சட்டத்தைப் புதிய தொழிலாளர் தொகுப்பில் கரைத்து 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தானாக வந்தவனும் அதில் புலம்பெயர் தொழிலாளிதான், இது நல்லது. ஆனால் ஐந்து, பத்து ஆகிவிட்டது. தாராவியின் தையல், தோல் பட்டறைகளில் பத்துப் புலம்பெயர் தொழிலாளர் சேர்ந்து வேலை செய்யும் இடம் எத்தனை? இந்த எண்ணைக் குறைக்க வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை.

இரண்டாவது, இனி எந்த நோய் வந்தாலும் ஊரடங்குக் கட்டளையிலேயே கூலிக்கு யார் பொறுப்பு என்று எழுதியாக வேண்டும். 2020-ல் முழுச் சம்பளம் தரச் சொல்லி மார்ச் 29-ல் போட்ட உத்தரவை மே மாதமே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள், நாம் போகவில்லை. நம் பக்கத் தவறு அது.

மூன்றாவது வேலை நம்முடையது. 16 முதல் 59 வயதுவரை உள்ளவர்கள் இ-ஷ்ரம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதனால் நாளைக்கே காசு வராது, பெயர் ஏறும். ஊர் ரேஷன் அட்டைக்கு இங்கே அரிசி வாங்கலாம், ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைக்கு மட்டும். தமிழ்நாட்டின் முன்னுரிமையற்ற அட்டைக்குக் கிடையாது. உங்கள் அட்டை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை சங்க அலுவலகத்தில் இருப்போம். ஆதார், வங்கிப் புத்தகம், கைபேசி மூன்றையும் கொண்டு வாருங்கள்.

எதிர்வீட்டு அண்ணாச்சியை மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன். இந்த ஞாயிறு வருகிறேன் என்றிருக்கிறார்.