ஃபீஸ் கட்டியவர் கூலியாள் அல்ல

'காலேஜ் லேபில் செய்த புராஜெக்ட் காலேஜுக்குத்தானே சொந்தம்?' பேராசிரியர்கள் சொல்கிறார்கள், பெற்றோர் தலையாட்டுகிறார்கள், மாணவர்களும் நம்பிவிட்டார்கள். சட்டம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், படைத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையாக எழுதியது முதலாளிக்குப் போகும், அது விதிவிலக்கு. மாணவர் சம்பளமா வாங்குகிறார்? ஃபீஸ் ரசீதில் லேபுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறார். கம்ப்யூட்டரைத் தந்ததற்காக அதில் எழுதிய புரோகிராமும் தனக்கே என்று காலேஜ் சொன்னால், பிரவுசிங் சென்டர்காரரும் பங்கு கேட்கலாமே!

'சேரும்போது கையெழுத்துப் போட்டாயே' என்பார்கள். போட்டார்தான். பின்னால் வரிசை நெருக்க, பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்திலெல்லாம் போட்டார். ராகிங் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழிக்கும் ஹாஸ்டல் விதிகளுக்கும் நடுவே, படைப்பதெல்லாம் நிறுவனத்துக்கே என்று ஒரு வரி. 19ஆவது பிரிவோ எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பகுதி என்று எழுதச் சொல்கிறது. காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுதான். போதாததற்கு, பிளஸ் டூ முடித்து வருகிற பலருக்கு அன்று வயது 17. மைனரின் ஒப்பந்தம் செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

பிஎச்.டி. ஆய்வேட்டின் மின்பிரதி சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற வேண்டும் என்பது யுஜிசி விதி. நல்ல விதி. ஊரார் படிக்கத் தருவதால் ஆய்வேடு கைமாறிவிடாது. நூலகத்தில் வைக்க, மதிப்பீட்டுக்குக் காட்ட, அனுமதி போதும். அதை மட்டும் எழுதி வாங்காமல் மொத்தத்தையும் எழுதி வாங்குவானேன்?

ஆராய்ச்சி நிதியும் தெளிவான ஒப்பந்தமும் இருந்தால் கணக்கு வேறு. கூகுளின் பேஜ்ராங்க் என்ற தேடல் முறைக்கான காப்புரிமை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திடம்தான் இருந்தது. ஆனால் கண்டுபிடித்தவராக அதில் இருந்தது மாணவர் லாரி பேஜின் பெயர். லைசென்ஸ் அவருடைய கம்பெனிக்கே போனது. பதிலுக்குப் பெற்ற பங்குகளை விற்றுப் பல்கலைக்கழகம் 33 கோடி டாலருக்கு மேல் பார்த்தது. இங்கே தரவரிசைக்குப் பேடன்ட் எண்ணிக்கை காட்டும் அவசரத்தில், லேப் பக்கமே வராத முதல்வரும் துறைத்தலைவரும் கண்டுபிடிப்பாளர்களாகி விடுவதுண்டு. ராத்திரி கண்விழித்து சாலிடர் செய்தவருக்குக் கடைசி இடம், அதுவும் கிடைத்தால். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் கேட்பது உண்மையான முதல் கண்டுபிடிப்பாளரை. பதவி வரிசையை அல்ல.

உரிமை வேண்டும் என்கிற கல்லூரி, அட்மிஷன் கட்டிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, புராஜெக்ட் தொடங்கும்போது தனித்தாளில், பங்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கேட்கட்டும்.