மருந்துக்கு அடங்காத குடற்புழு: ஆடு வளர்ப்போர் உஷார்!

சென்னை,

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் ஆடு வளர்க்கும் குடும்பங்களுக்கு ஆடுதான் பேங்க். ஸ்கூல் பீஸ், ஆஸ்பத்திரி செலவு என அவசரம் வந்தால் கைகொடுப்பது அதுதான். அந்தச் சேமிப்புக்கே வேட்டு வைக்கிறது, மருந்துக்கு அடங்காத குடற்புழு.

ரத்தம் குடிக்கும் புழு

'ஹீமோன்கஸ்' என்ற புழு, ஆட்டின் நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். நீளம் 2 முதல் 3 செ.மீ.தான். ஆனால் பெண் புழு ஒன்று தினமும் 5 ஆயிரம் முட்டைக்கு மேல் போடும். புழுக்கையோடு வெளியேறும் முட்டை பொரிந்து, குஞ்சுப்புழு மழையில் நனைந்த புல்லில் ஏறிக்கொள்ளும். அதை மேயும் ஆட்டுக்கு ரத்தசோகை வரும். தாடைக்குக் கீழே வீங்கும். கவனிக்காமல் விட்டால் செத்தே போகும்.

ஏன் பலிக்கவில்லை?

1961-ல் 'தயாபெண்டசோல்' மருந்து வந்தது. 1964-லேயே அதற்கு அடங்காத புழு அமெரிக்காவில் தென்பட்டது. இந்தியாவில் 1976-ல் தகவல் வெளியானது. தமிழக ஆட்டுப் பண்ணைகளிலும் அல்பெண்டசோல் வகை மருந்துக்குத் தப்பிய புழுக்கள் ஆய்வில் சிக்கியுள்ளன.

முக்கிய காரணம், குத்துமதிப்பாக மருந்து ஊற்றுவது. 30 கிலோ ஆட்டுக்கு 20 கிலோ கணக்கில் ஊற்றினால் சாதாரண புழு சாகும், தாக்குப்பிடிக்கிற புழு தப்பிக்கும். அப்புறம் பெருகுவதெல்லாம் அதன் வாரிசுதான். ஒரே மருந்தை அடிக்கடி கொடுத்தாலும் இதே கதிதான்.

என்ன செய்யலாம்?

கீழ் இமையை இழுத்துப் பாருங்க. சிவப்பாக இருந்தால் பயமில்லை. வெளுத்திருந்தால் ரத்தம் குறைஞ்சிருக்கு. வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் இந்த முறை தென்ஆப்பிரிக்காவில் உருவானது. மற்ற ஆடுகளில் மருந்துக்குச் சாகும் புழுக்கள் மிஞ்சி இருப்பதால், அடங்காத புழு மட்டுமே பெருகாது.

எடை போட்டு, டாக்டர் சொல்லும் அளவில் ஊற்றணும். மருந்துக்கு முன்பும், 2 வாரம் கழித்தும் புழுக்கையைப் பரிசோதிக்கச் சொல்லுங்க. முட்டை 95 சதவீதமாவது குறையாவிட்டால் அந்த மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வியாசர்பாடிக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம்தான்.

நன்றாக வேகவைத்த கறியில் இந்தப் புழுவால் ஆபத்தில்லை. ஆனால் மருந்து ஊற்றிய ஆட்டை, பாட்டிலில் போட்டிருக்கும் நாள் கழியாமல் ஆட்டுத்தொட்டிக்கு அனுப்பக்கூடாது.

புழு மருந்தில் இருப்பதே சில வகைகள்தான். அதையும் வீணடித்தால், அடுத்து ஊற்ற மருந்து இருக்காது.