பறக்கும் வீரனும் பச்சைப் பிள்ளையும்

டெலிவிஷனில் ஒருவன் பறக்கிறான். மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகிறான். எரிகிற கட்டடத்திலிருந்து குழந்தையைத் தூக்கி வருகிறான்.

அதைப் பார்த்த பையன் தோளில் துண்டைக் கட்டிக்கொண்டு திண்ணையிலிருந்து குதிக்கிறான். மேலூரிலும் குதிக்கிறான், திருமங்கலத்திலும் குதிக்கிறான். வீட்டார் சிரிக்கிறார்கள். திண்ணை மூன்றடி உயரம். சிரிக்கலாம். மொட்டை மாடி என்றால்?

இது வீண் பயம் அல்ல. 1997-ல் தூர்தர்ஷனில் 'சக்திமான்' தொடங்கியது. அவர் பறந்து வந்து காப்பாற்றுவார் என்று நம்பிச் சில பிள்ளைகள் விபரீதத்தில் இறங்கியதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. இப்படிச் செய்யக் கூடாது என்று குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்லும்படி ஆயிற்று.

சக்திமானாவது உயிருள்ள நடிகர். கார்ட்டூன் வீரன் வெறும் கோடும் வர்ணமும்தான்!

சூப்பர்மேன் கதையைக் கேளுங்கள். 1938-ல் அமெரிக்கப் படக்கதையில் பிறந்தபோது அவனுக்குப் பறக்கத் தெரியாது. தாவத்தான் தெரியும். 1941-ல் அவனை வைத்துக் கார்ட்டூன் சினிமா எடுத்தார்கள். தாவுவது திரையில் நன்றாக இல்லை. பறக்க விட்டுவிட்டார்கள்!

1966-ல் அவன் டெலிவிஷன் கார்ட்டூனாக வந்தான். வாரா வாரம் படம் வேண்டும். செலவும் குறைய வேண்டும். ஒரு தடவை வரைந்த படத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கூர்ந்து பாருங்கள். பல இடங்களில் உதடு மட்டும் அசையும்; உடம்பு அசையாது.

இந்தக் குட்டைப் பிள்ளைகளிடம் உடைக்க வேண்டியவர்கள் பெற்றோர்.

பெட்டியை அணைத்துவிட்டால் போதாதா? போதாது. அடுத்த வீட்டில் ஓடும். அப்பாவின் செல்போனில் ஓடும். மேலும், வீரன் கதை கெட்டதும் அல்ல. சித்திரைத் திருவிழாக் கடையில் அனுமார் கதாயுதம் வாங்கித் தோளில் சாத்திக்கொண்டு திரிந்த மதுரைப் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் கெட்டா போனார்கள்?

அனுமார் கடலைத் தாண்டிய கதையைப் பாட்டி சொன்னாள். "நானும் தாண்டலாமா, பாட்டி?" என்று பேரன் கேட்டான். "நீ முதலில் வாய்க்காலைத் தாண்டு, பார்க்கலாம்" என்றாள். பெட்டியிடம் அப்படிக் கேட்க முடியுமா? கேட்டாலும் அது பதில் சொல்லாது. அதனால் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். அம்மாவுக்கு அடுப்படி வேலை என்றால் அப்பா உட்காரட்டுமே!

ஒரு பழைய நோட்டுப் போதும். பக்கத்துக்குப் பக்கம், ஓரத்தில், கொஞ்சம் கொஞ்சம் தள்ளி ஒரு மனிதனைப் பையனே வரையட்டும். இருபது பக்கம் ஆனதும் கட்டைவிரலால் சர்ரென்று புரட்டினால் மனிதன் பறப்பான். விரல் நின்றால் அவனும் நிற்பான்.