மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் முதல் கேள்வி

‘மனசுதான் அழகு’ என்ற ஆறுதலை யாரும் ஒரு சிவப்பான பெண்ணிடம் சொல்லி நான் கேட்டதில்லை. கறுப்பாகப் பிறந்தவளுக்குத்தான் அது கிடைக்கிறது. அதுவும், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஒரு பதிலும் சொல்லாமல் இருந்துவிட்ட பிறகு.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். தை பிறந்து கல்யாணப் பேச்சுகள் தொடங்கிவிட்டால், ஒரு குறிப்பிட்ட டியூப்பைக் கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். டாக்டர் சீட்டு இருக்காது. பக்கத்து வீட்டுப் பெண் பூசித் தீர்த்த காலி டியூப்பைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். இல்லையென்றால் போனில் படம் காட்டுவார்கள். இந்தத் தையில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். “யம்மா, ஞாயித்துக்கெழம மாப்ள வீட்டுக்காரக வாராக. அதுக்குள்ள இவ கொஞ்சம் வெளுக்கணும்” என்றார் தாய். மகள் ஒன்றும் பேசவில்லை. நர்சிங் முடித்து, பச்சிளம் குழந்தைகள் வார்டில் இரவுப் பணி பார்க்கிற பெண். நூல் போன்ற நரம்பைத் தேடிப் பிடித்து, ஒரே குத்தில் ஊசி ஏற்றத் தெரிந்த கை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை என்பது தாய்க்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

அந்த டியூப்பில் இருப்பது அழகு சாதனம் அல்ல, மருந்து. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு என மூன்றும் சேர்ந்த கலவை. மங்கு படர்ந்த முகத்துக்கு, தோல் டாக்டர் தன் மேற்பார்வையில் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவது. ஸ்டீராய்டு தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கும். பூசிய சில நாட்களிலேயே முகம் வெளுத்து, பளபளப்பது போலத் தெரியும். வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். பிறகுதான் தொல்லை. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும். வெயில் பட்டால் எரியும், கன்னத்தில் சிவப்பு நரம்புகள் ஓடும், பரு கிளம்பும், சிலருக்கு முகத்தில் முடியும் முளைக்கும். பயந்துபோய் நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கி, முன்னைவிட மோசமாகும். அதற்குப் பயந்து மறுபடியும் அதையே பூசுவார்கள். இப்படி மாட்டிக்கொண்டு, வெயிலில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு கடைக்கு வரும் பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

தோல் மருத்துவர்கள் பல வருடம் போராடிய பிறகு, 2018இல் மத்திய அரசு இந்த வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. சீட்டைக் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. என்னிடம் கிடைக்காதவர்கள் அடுத்த தெருவில் வாங்கிக்கொள்கிறார்கள். இதைச் சொல்ல எனக்கு வேதனையாக இருக்கிறது.

மருந்துக் கடைக்கு வெளியே, ஊர் பேர் தெரியாத டப்பாக்களில் விற்கும் க்ரீம்கள் இன்னும் ஆபத்தானவை. தோலை வெளுக்க அவற்றில் சிலவற்றில் பாதரசம் சேர்க்கிறார்கள். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021க்கும் 2023க்கும் இடையே, சிறுநீரில் புரதம் கொட்டி உடல் வீங்கி வந்த நோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அரிதான ஒரு வகைச் சிறுநீரகப் பாதிப்பு அவர்களில் 15 பேருக்கு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். பூசியது முகத்தில், பழுதானது சிறுநீரகம்.

இத்தனை ஆபத்தையும் எடுத்துச் சொன்னால் பெண்கள் கேட்கவா மாட்டார்கள்? கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, “அப்போ ஞாயித்துக்கெழமைக்கு என்ன பண்ணட்டும்?” என்கிறார்கள். இதற்கு மருந்துக் கடையில் பதில் இல்லை. மாப்பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது.

1975 முதல் நம் வீடுகளில் புழங்கிய ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அதே ஆண்டு ஷாதி டாட் காம் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்துவிட்டது. நல்ல மாற்றங்கள்தான், வரவேற்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்துத் தரகர்களின் நோட்டில் படிப்பு, நட்சத்திரம், நகை என்ற வரிசையில் நிறமும் உட்கார்ந்திருக்கிறது. மாநிறம் என்று எழுதியிருந்தால், “மாநிறம்னா எந்த அளவு?” என்று கேட்டு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள்.

படித்துப் பெரிய பதவிக்குப் போய்விட்டால் இது தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் சாரதா முரளீதரனை நினைத்துப் பாருங்கள். 2025 ஏப்ரல் வரை கேரள அரசின் தலைமைச் செயலாளராக இருந்தவர். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் அவருடைய கணவர் வேணு. கணவரின் பணிக்காலம் எவ்வளவு வெள்ளையோ இவருடையது அவ்வளவு கறுப்பு என்று ஒருவர் சொன்னதை, 2025 மார்ச்சில் சாரதாவே பொதுவெளியில் எழுதினார். நான்கு வயதில், தன்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத் தர முடியுமா என்று அம்மாவிடம் கேட்டதையும் அதில் சொல்லியிருந்தார். ஒரு மாநில நிர்வாகத்தின் உச்சியில் இருந்தவரையே தோலை வைத்து அளந்தார்கள் என்றால், வார்டில் இரவெல்லாம் விழித்திருக்கும் பெண் எம்மாத்திரம்?

அதனால்தான் அந்த ஆறுதல் வார்த்தை எனக்குக் கசக்கிறது. மனசு அழகு என்பது உண்மை, அதை நான் முழுக்க நம்புகிறேன். அந்த அழகைப் பார்க்க வேண்டியவர்களோ பெண் பார்க்க வருகிறவர்கள். அவர்களிடம் அதைச் சொல்லாமல், நிராகரிக்கப்பட்டவளைத் தேற்றுவதற்கு மட்டும் சொன்னால் என்ன பயன்? அவள் பொறுமைசாலியா, கோபக்காரியா, வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் கூட நிற்பாளா என்று தெரிந்துகொள்ள அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். நிறத்தைப் பார்க்க ஒரு நொடி போதும். நம் பெண் பார்க்கும் சடங்கு அந்த ஒரு நொடியை நம்பியே நடக்கிறது. இத்தனைக்கும் பெரும்பாலும், பெண் பார்க்க வருகிற பையனும் அவன் அம்மாவும் அவளைவிடக் கறுப்பு. இப்போது பையன்களும் அதே டியூப்பைக் கேட்டு வரத் தொடங்கியிருக்கிறார்கள். சமத்துவம் இந்த வழியாகவா வர வேண்டும்?

மகனுக்குப் பெண் தேடும் பெற்றோரே, தரகரிடம் “பொண்ணு என்ன கலர்?” என்று கேட்காதீர்கள். அவர் தானாகச் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பெண் வீட்டுக்குப் போனால் அவள் செய்யும் வேலையைப் பற்றிப் பேசுங்கள். மருந்துக் கடை வைத்திருக்கும் நண்பர்களே, சீட்டு இல்லாமல் அந்த டியூப்பைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருக்கும் பெண்களே, பிள்ளைகளே, நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் போய்க் காட்டுங்கள். டியூப்பையும் கையோடு எடுத்துப் போங்கள்.