ஓயாத உலையும் உழைப்போர் நலமும்

அரிய பொருள் ஒன்றைக் கண்டறிவது பெருமை. அதனை எல்லார்க்கும் எட்டும்படி ஆக்குவது அதனினும் பெருமை. முன்னதை ஆய்வுக்கூடம் செய்யும். பின்னதைத் தொழிற்சாலையே செய்தல் வேண்டும். இவ்வுண்மைக்குக் கார்பன் நுண்குழாய் தக்கதொரு சான்றாகும்.

பென்சில் முனையில் உள்ள அதே கார்பன் அணுக்கள், அறுகோண வலையாக இணைந்து குழாய்போல் சுருண்டு நிற்பதே கார்பன் நுண்குழாய். அது தலைமயிரினும் ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லியது. எனினும், எடைக்கு எடை ஒப்பிட்டால் எஃகினும் வலியது. 1991ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா இதன் அமைப்பை மின்னணு நுண்ணோக்கியால் கண்டு தெளிவாக வெளியிட்டார். உலகம் வியந்தது. ஆயின், அந்நாளில் கிடைத்ததோ மிகச் சிறு அளவே.

குறை எங்கிருந்தது? குயவர் சூளையை எண்ணினால் விளங்கும். அடுக்கி, மூட்டி, ஆறவிட்டுப் பிரித்து, மீண்டும் அடுக்குதல் வேண்டும். நுண்குழாய் உலைகள் பலவும் அவ்வாறே இயங்கின. ஒவ்வொரு முறையும் வெப்பம் வீணாயிற்று; காலமும் கழிந்தது.

இக்குறையை நீக்க முனைந்தோருள் இங்கிலாந்து நாட்டின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் குறிப்பிடத்தக்கவர். 2004ஆம் ஆண்டு ஆலன் விண்டில் குழுவினர் புதுமுறை ஒன்றை வெளியிட்டனர். எத்தனாலில் பெரோசீன், தயோபீன் ஆகியவற்றைச் சிறிதளவு கலந்து, ஹைட்ரஜன் வாயுவுடன், 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் கனலும் உலையினுள் செலுத்தினர். பெரோசீனிலிருந்து பிரிந்த இரும்புத் துகள்கள் வினையூக்கியாயின. அவற்றின்மேல் வளர்ந்த நுண்குழாய்கள் புகைத்திரள்போல் ஒன்றோடொன்று பின்னின. பஞ்சிலிருந்து நூல் இழுப்பதுபோல் அத்திரளை இழுத்துச் சுற்றினர். ஒருபுறம் நீர்மம் புகப் புக, மறுபுறம் நூல் வந்துகொண்டே இருந்தது. உலை ஓயவில்லை.

ஆயினும், உற்பத்தி பெருகுவது ஒன்றே வளர்ச்சியாகாது. நெருப்பைத் தாங்கும் என்று போற்றப்பட்ட கல்நார், அதன் இழைகளைச் சுவாசித்த தொழிலாளர் பலரின் நுரையீரலை அழித்தது. நுண்குழாய்களுள் ஒரு வகையை, மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியவற்றின் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2014இல் சேர்த்தது. எல்லா வகையும் தீயவை என்பது இதன் பொருளன்று. ஆராயாமல் எதனையும் தீங்கற்றது எனக் கொள்ளலாகாது என்பதே பொருள். தொழிற்கூடக் காற்றில் நுண்குழாய்த் துகள் கனமீட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது.

காவல் ஏற்பாடுகளுக்குச் செலவு மிகுமே என்பார் உளர். கல்நாரால் நோயுற்றோர் பொருட்டு நாடுகள் பின்னாளில் செய்த செலவை எண்ணினால், முன்னரே செய்யும் செலவு சிக்கனமே எனத் தெளியலாம். மேலும், போன உயிரை எப்பொருளும் மீட்காது. ஆதலின், ஓயாத உலையை அமைப்போர் விளைச்சலை நிறுக்கும் தராசோடு நில்லாமல், உழைப்போர் சுவாசிக்கும் காற்றை அளக்கும் கருவியையும் அதனருகே வைத்தல் வேண்டும். நூலின் நீளமும் உழைப்போரின் ஆயுளும் ஒருங்கே வளர்வதே உண்மையான தொழில் வளர்ச்சியாகும்.